புற்றுநோய்ச் சிகிச்சையின் பயனை முன்னறிதல்

மருத்துவன் ஒருவன் சிகிச்சையைத் தொடங்குமுன் நோயுற்றானின் நிலை, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டுமெனத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறியுள்ளார். இம்மூன்றனுள் நோயின் அளவை அறிதற்கே மருத்துவ உலகம் மிகுதியும் உழைத்து வந்திருக்கின்றது. நாடி பார்த்தும் நாவைப் பார்த்தும் நோயறிந்த காலம் ஒன்று. எக்ஸ் கதிரால் உடலை ஊடுருவிப் பார்த்த காலம் மற்றொன்று. உறுப்பின் உருவத்தை மட்டுமன்றி, அதன் கலங்களில் நிகழும் அனுசேபத்தையும் படமாக்கிக் காணும் காலம் இது. இப்புதிய காட்சி புற்றுநோய்ச் சிகிச்சையின் பயனை முன்கூட்டி அறிதற்கு எவ்வாறு துணைபுரிகின்றது, அதனால் எமது மலைநாட்டு மக்களுக்கு விளையக்கூடிய நன்மை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது மாணவனொருவனின் வினா. உயர்தர வகுப்பிற் கலச் சுவாசத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் அம்மாணவன் எழுந்து, "ஐயா, எங்கள் அம்மாவுக்குத் தொண்டையிற் புற்றுநோய். மருந்தும் ஏற்றுகிறார்கள், கரண்டும் பிடிக்கிறார்கள். அந்த மருந்து பிடிக்குமா, பிடிக்காதா என்று முன்னுக்கே அறிய வழியில்லையா?" என்று கேட்டான். அவனுடைய தாயார் கொழுந்து பறிப்பவர். தோட்டத்தில் ஒருநாள் வேலையைப் 'பேர்' என்பர். மலைக்குச் செல்லாத நாளுக்குப் பேர் விழாது. ஏழு கிழமை கதிர்ச்சிகிச்சை பெறுவதென்றால், நோயின் துன்பத்தோடு ஏழு கிழமை வருவாயும் இல்லை என்பதே பொருள். ஆதலின் அவன் வினா அறிவு வேட்கையால் மட்டும் எழுந்ததன்று. பயன் தராத சிகிச்சையால் எவரும் துன்புறுவர். அன்றாட உழைப்பால் வாழ்வோரோ இருமடங்கு துன்புறுவர்.

அவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. ஒரே உறுப்பில், ஒரே பருமனில், நுணுக்குக்காட்டியின்கீழ் ஒரே தோற்றத்தில் உள்ள புற்றுநோய் இருவருக்கு உண்டாகலாம். ஒரே மருந்து ஒரே அளவில் இருவருக்கும் கொடுக்கப்படலாம். ஒருவரிற் கட்டி கரைந்துபோக, மற்றவரில் அது வளர்ந்துகொண்டே செல்லலாம். இவ்வேறுபாட்டை அறிதற்கு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கட்டியின் பருமனையே அளந்து வந்தனர். கட்டிகளின் விட்டங்களின் கூட்டுத்தொகை 30 சதவீதமேனும் குறைந்தாற்றான் மருந்து வேலை செய்தது எனக் கொள்வது இன்றும் உள்ள வழக்கு. இம்முறையில் இரு குறைகள் உண்டு. பருமன் குறைதற்குப் பல கிழமைகள் செல்லும் என்பது ஒன்று. புற்றுநோய்க் கலங்கள் யாவும் இறந்த பின்னரும் தழும்பு இழையம் கட்டியைப் போலவே எஞ்சி நிற்கலாம் என்பது மற்றொன்று. பட்டுப்போன தேயிலைச் செடியும் சிலகாலம் நிரையில் நிற்கவே செய்கின்றது. அதன் உயரத்தை அளந்து உயிருண்டு எனக் கூற முடியுமா? துளிர் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். அதுபோலக் கட்டியிலும் உயிர்ச்செயல் உண்டா என்பதே பார்க்கத்தக்கது.

கலத்தின் உயிர்ச்செயல்களைத் தொகுத்து அனுசேபம் என்பர். அதன் அடிப்படை எரிபொருள் குளுக்கோசு. ஒட்சிசன் போதியளவு இருக்கும்போது சாதாரண கலம் குளுக்கோசை முற்றாக உடைத்து, ஒரு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 அடினோசீன் முப்பொசுபேற்று மூலக்கூறுகளைப் பெறுகின்றது. ஒட்சிசன் இல்லாதபோது இலற்றிக்கமிலம் வரை மட்டும் உடைத்து 2 மூலக்கூறுகளையே பெறும். 1920களில் ஜெர்மானிய அறிஞர் ஒற்றோ வார்பேர்க் என்பார் வியத்தகு உண்மையொன்றைக் கண்டார். புற்றுநோய்க் கலங்கள் ஒட்சிசன் நிறைந்த சூழலிலும் குளுக்கோசின் பெரும்பகுதியை இலற்றிக்கமிலமாகவே மாற்றுகின்றன. இவ்விரயத்தை ஈடுசெய்ய அவை குளுக்கோசை மிகுதியாக உறிஞ்சவேண்டியுள்ளது. கலத்தின் சுவாச உறுப்புப் பழுதடைந்தமையே இதற்குக் காரணமென வார்பேர்க் கருதினார். பெரும்பாலான புற்றுநோய்களில் அவ்வுறுப்புச் செம்மையாகவே இயங்குகின்றதென்றும், விரைந்து பெருகும் கலம் புதிய கலங்களை அமைத்தற்கு வேண்டிய மூலப்பொருள்களைக் குளுக்கோசிலிருந்தே எடுத்துக்கொள்ளுகின்றதென்றும் பின்வந்தோர் விளக்கினர். காரணம் எதுவாயினும், புற்றுநோய்க் கலத்தின் தீராப் பசியே அதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று.

இப்பசியைப் படமாக்குவது எங்ஙனம்? குளுக்கோசு மூலக்கூறின் இரண்டாம் காபனிலுள்ள ஐதரொட்சில் கூட்டத்தை நீக்கி, அவ்விடத்திற் கதிர்த்தொழிற்பாடுள்ள புளோரீன்-18 அணுவொன்றை வைக்கின்றனர். இதன் பெயர் புளோரோ தியொட்சி குளுக்கோசு, சுருக்கமாக எஃப்.டி.ஜி. என்பர். கலம் இதனைக் குளுக்கோசு என்றே நம்பி உள்ளே எடுத்துக்கொள்ளும். எக்சோகைனேசு என்னும் நொதியம் இதனுடன் பொசுபேற்றுக் கூட்டமொன்றை இணைக்கும். ஆயின் மூலக்கூறின் அமைப்பு மாறியுள்ளமையால் அடுத்த படிக்கு இது செல்லமாட்டாது. பொசுபேற்று இணைந்தமையால் வெளியேறவும் மாட்டாது. தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்த கொழுந்து வாட்டும் தட்டுக்குச் சென்றபின், உருட்டும் இயந்திரத்துக்குப் போகவும் வழியின்றித் திரும்பிவரவும் வழியின்றி அங்கேயே குவியுமாயின் எந்நிலையோ, அந்நிலையே இதற்கும். எத்தொழிற்சாலை மிகுதியான கொழுந்தை வாங்குகின்றதோ அதன் தட்டிலேயே குவியல் மிகுதியாயிருக்கும்.

அக்குவியலைக் காட்டுவது புளோரீன்-18 அணு. அது தேயும்போது பொசித்திரன் என்னும் துணிக்கையை உமிழ்கின்றது. இது நேரேற்றமுடைய இலத்திரன். 1932ஆம் ஆண்டிற் கார்ல் அன்டர்சன் என்பவராற் கண்டுபிடிக்கப்பட்டது. பொசித்திரன் இழையத்தினுள் ஒரு மில்லிமீற்றரளவு தூரம் செல்லுமுன் இலத்திரனொன்றைச் சந்திக்கும். இரண்டும் மறைந்து, ஒவ்வொன்றும் 511 கிலோ இலத்திரன் உவோற்றுச் சத்தியுடைய இரு காமாக் கதிர்களாக எதிரெதிர்த் திசைகளிற் பாயும். நோயாளியைச் சூழ வளையமாக அமைந்த உணர்கருவிகள் ஒரே கணத்தில் வந்து சேரும் இவ்விரு கதிர்களையும் பதிந்து, அவற்றை இணைக்கும் நேர்கோட்டிலேயே அவை பிறந்தன என முடிவு செய்கின்றன. இவ்வாறான இலட்சக்கணக்கான கோடுகளிலிருந்து கணினி உடலின் படத்தை வரைகின்றது. வைத்தியசாலைகளிற் 'பெட் ஸ்கேன்' என வழங்குவது இதுவே. இன்று இதனோடு சி.ரி. படக்கருவியும் ஒன்றாயிணைந்து வருதலின், பசியுள்ள இடமும் அதன் உருவமும் ஒருங்கே தோன்றும். அமெரிக்காவின் புறூக்கேவன் ஆய்வுகூடத்திலே தயாரிக்கப்பட்ட எஃப்.டி.ஜி. 1976ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. இந்தியாவில் மருத்துவத்துக்கான முதல் சைக்கிளோத்திரன் மும்பாய் பரேலிலுள்ள கதிர்மருத்துவ நிலையத்தில் 2002ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கியது.

இனி முன்னறிதலைப் பார்ப்போம். ஹொட்ஜ்கின் நோய் எனப்படும் நிணநீர்ப் புற்றுநோயே இதற்குத் தெளிவான சான்று. இத்தாலியரும் டேனியரும் சேர்ந்து 260 நோயாளரை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மருந்துச் சுற்றுக்கள் இரண்டு முடிந்தவுடன் எடுத்த படத்தில் ஒளிர்வு மறைந்திருந்தோருள் 95 சதவீதத்தினர் ஈராண்டுகள் நோய் முற்றாது வாழ்ந்தனர். ஒளிர்வு எஞ்சியிருந்தோருள் அவ்வாறு வாழ்ந்தோர் 12.8 சதவீதத்தினரே. படத்தை எல்லோரும் ஒரேவிதமாகப் படித்தற்கு 2009ஆம் ஆண்டிலே பிரான்சின் டோவில் நகரிற் கூடிய அறிஞர்கள் ஐந்து படிகளைக் கொண்ட அளவுமுறையை வகுத்தனர். கட்டியின் ஒளிர்வை நோயாளியின் சொந்த ஈரலின் ஒளிர்வோடு ஒப்பிடுவது அதன் சாரம்.

முன்னறிந்தாற் போதுமா? அறிந்ததற்கேற்பச் சிகிச்சையை மாற்றிப் பயன் கண்டாலன்றோ அறிவு நிறைவுறும். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வொன்று 1,200க்கு மேற்பட்ட ஹொட்ஜ்கின் நோயாளரைச் சேர்த்து இதனைச் சோதித்தது. இரண்டு சுற்றின் பின் படம் தெளிவாயிருந்தோரிற் பாதிப்பேருக்கு, நுரையீரலைப் பழுதாக்கவல்ல பிளியோமைசின் என்னும் மருந்து நிறுத்தப்பட்டது. மூவாண்டு முடிவில் நான்கு மருந்தும் தொடர்ந்து பெற்றோருள் 85.7 சதவீதத்தினரும், பிளியோமைசின் நிறுத்தப்பட்டோருள் 84.4 சதவீதத்தினரும் நோய் முற்றாது இருந்தனர். நன்மையோ ஏறத்தாழச் சமம். நுரையீரற் கேடோ குறைந்தது. மூச்சுத்திணறாமல் மலையேறவேண்டிய தொழிலாளிக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

மாணவனின் தாயாருக்கு நெருங்கிய சான்றும் அதே ஆண்டிலேயே வெளிவந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருப்பின், கதிர்ச்சிகிச்சையும் மருந்தும் முடிந்தபின் அக்கணுக்களைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவது முன்னை வழக்கு. ஐக்கிய இராச்சியத்தின் 37 நிலையங்களில் 564 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கப்படி சத்திரசிகிச்சை திட்டமிடப்பட்டது. மற்றப் பிரிவினருக்குச் சிகிச்சை முடிந்து 12 கிழமைகளின் பின் பெட் படம் எடுத்து, ஐயம் எழுந்தோருக்கு மட்டும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. முதற் பிரிவில் 221 சத்திரசிகிச்சைகள் நடந்தன. இரண்டாம் பிரிவில் 54 மட்டுமே. ஈராண்டின் பின் உயிர்வாழ்ந்தோர் முறையே 81.5, 84.9 சதவீதத்தினர். அஃதாவது, படத்தை நம்பிக் கத்தியைத் தவிர்த்தமையால் எவ்வித நட்டமும் ஏற்படவில்லை. எனினும் ஒன்றை மறத்தலாகாது. அவ்வாய்விற் பங்குபற்றியோரிற் பெரும்பாலாருக்கு இருந்தது வைரசாலுண்டாகும் தொண்டைப் புற்றுநோய். அது சிகிச்சைக்கு எளிதில் இணங்குவது. வெற்றிலை, புகையிலை ஆகியவற்றாற் கன்னத்தின் உட்புறத்தில் உண்டாகும் எமது நாட்டுப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையே முதற் சிகிச்சை. அங்கே கண்ட எண்களை அப்படியே இங்கே எடுத்துவைத்தல் பொருந்தாது.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் மருந்து தொடங்கிய 14ஆம் நாளிலேயே ஒளிர்வு 35 சதவீதம் குறைந்துள்ளதா எனப் பார்த்து, குறையாதோருக்கு மருந்தை நிறுத்தி உடனே சத்திரசிகிச்சைக்கு அனுப்பிய ஆய்வொன்றும் 2007ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. மருந்துக்கு இணங்கியோர் அதில் ஏறத்தாழப் பாதிப்பேரே. எஞ்சிய பாதிப்பேர் பயனற்ற மருந்தை மேலும் பல கிழமைகள் ஏற்காது தப்பினர்.

இவ்வளவு கூறியபின் குறைகளையும் கூறுதல் கடன். பசி புற்றுநோய்க் கலத்துக்கு மட்டும் உரியதன்று. மூளை எப்போதும் குளுக்கோசையே உண்கின்றது. அழற்சியுள்ள இடமும், காசநோய்ப் புண்ணும், சீழ்பிடித்த பல்லும் படத்தில் ஒளிரும். கதிர்ச்சிகிச்சையே அழற்சியை உண்டாக்குதலின், அது அடங்குவதற்காகவே 12 கிழமைகள் காத்திருக்க வேண்டியுள்ளது. சில மில்லிமீற்றருக்குட்பட்ட சிறு நோய்த்துகள் படத்திலே தோன்றாது. சில புற்றுநோய்கள் குளுக்கோசை அதிகம் நாடுவதுமில்லை. ஆகவே கழுத்தைப் பொறுத்தவரை, 'நோய் இல்லை' எனப் படம் கூறுவதைப் பெரும்பாலும் நம்பலாம். 'நோய் உண்டு' எனக் கூறின் இழையத்தை எடுத்துச் சோதித்தே உறுதிசெய்தல் வேண்டும்.

வள்ளுவர் கூறிய காலம் என்னும் அளவை இக்கருவி மிகக் கண்டிப்பாக வேண்டிநிற்கின்றது. புளோரீன்-18இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 110 நிமிடம். கொழும்பிலே ஆக்கப்பட்டதென்று கொள்வோம். அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹற்றனுக்கு வந்துசேர நான்கு மணி நேரம் எடுப்பின், கால்வாசிக்கும் குறைவான கதிர்த்தொழிற்பாடே எஞ்சும். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அணுமருத்துவப் பிரிவு போன்ற இடங்களிற் பயன்படும் தெக்னீசியத்தின் நிலை வேறு. 66 மணி அரைவாழ்வுடைய மொலிப்டினத்தை ஒரு பெட்டியில் வைத்து, அதிலிருந்து தெக்னீசியத்தை வேண்டும்போது கறந்துகொள்ளலாம். எஃப்.டி.ஜி.யை அவ்வாறு கறக்க இயலாது. எனவே கருவி மலையேற மாட்டாது. நோயாளியே மலையிறங்க வேண்டும்.

இறங்குபவர் அறிந்திருக்க வேண்டியன சில உண்டு. படத்துக்கு முன் ஆறு மணி நேரமாவது உண்ணாதிருத்தல் வேண்டும், தண்ணீர் அருந்தலாம். பிரயாணத்திலே குளிருக்குச் சீனியிட்ட ஒரு கோப்பைத் தேநீர் அருந்தினாலும் படம் பழுதாகலாம். ஏனெனில் இரத்தத்திலேறும் குளுக்கோசு எஃப்.டி.ஜி.யோடு போட்டியிடும், சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குத் திருப்பிவிடும். நீரிழிவுள்ளோர் முன்னரே அதனை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். முதல்நாள் முழுவதும் கொழுந்து பறித்துக் கூடை சுமந்தவரின் தோளும் கையும் படத்தில் ஒளிர்ந்து குழப்பம் விளைவிக்கலாம். ஆகையால் முதல்நாள் கடும் வேலை ஆகாது. இன்னொரு நுட்பமும் உண்டு. குளிரில் உடலைச் சூடாக்கும் கபிலநிறக் கொழுப்பு இழையம் கழுத்திலும் தோளிலும் உள்ளது. நுவரெலியாவின் விடியற் குளிரில் நடுங்கிக்கொண்டு புறப்பட்டு வருபவரில் அது விழித்தெழுந்து குளுக்கோசை உண்ணும். கழுத்துக் கணுக்களைத் தேடுமிடத்திலேயே பொய்யொளி தோன்றும். கம்பளி போர்த்துக்கொண்டு செல்வதும் இங்கு விஞ்ஞானமே. வீடு திரும்ப ஐந்தரை மணி நேரம் சென்றால், மூன்று அரைவாழ்வுகள் கடந்து, எட்டிலொரு பங்குக்கு மேல் எஞ்சாது. சிறுநீரோடு வெளியேறுவதைக் கணித்தால் அதனினும் குறைவே. ஆதலின் லயத்து அறையிலுள்ள குழந்தைகளைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை. முதற் சில மணி நேரம் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் நெருங்காதிருத்தல் போதும்.

இத்துறை இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கின்றது. ஒட்சிசன் குறைந்த கலங்கள் கதிர்ச்சிகிச்சையை எதிர்த்து நிற்கும் என்பதை 1953ஆம் ஆண்டில் கிரே முதலிய ஆங்கில அறிஞர் விளக்கினர். அத்தகைய கலங்களிற் படியும் புளோரோமிசோனிடசோல் என்னும் பொருளைச் செலுத்தி, எக்கட்டி கதிருக்கு இணங்காதெனச் சிகிச்சைக்கு முன்னரே கணிக்க முயல்கின்றனர். கதிர்த்தொழிற்பாடில்லாத காபன்-13 அணுவையுடைய பைருவிக்கமிலத்தைத் தனிமுறையால் முனைவாக்கி, காந்தப் பரிவுப் படத்தில் அதன் சமிக்ஞையைப் பதினாயிரம் மடங்குக்கு மேற் பெருக்கும் முறை 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கட்டியினுள் அது இலற்றிக்கமிலமாக மாறுவதைக் கண்ணெதிரே காணலாம். அது நோயாளருக்கு முதலிற் செலுத்தப்பட்ட ஆய்வு 2013ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்தது. வார்பேர்க் குடுவையிற் கண்டதை இன்று உயிருள்ள மனிதரிலே காண்கின்றோம்.

இறுதியாக, நோயுற்றானின் அளவு. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் கருவி வாங்குதற்பொருட்டு 2016ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பொதுமக்கள் ஏறத்தாழ 20 கோடி ரூபாவைத் திரட்டினர். இக்கருவி செல்வர்க்கே உரிய ஆடம்பரம் என்று அவர்கள் கருதவில்லை என்பதற்கு அதுவே சான்று. யானும் அவ்வாறே கருதுகின்றேன். பயனற்ற சிகிச்சையைத் தாங்கும் வலிமை எவருக்குக் குறைவோ அவருக்கே முன்னறிவு மிகத் தேவை. எனினும் கருவியினும் முந்திய கடமையொன்று உண்டு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. பாக்குத் தானாகவே புற்றுநோயை உண்டாக்கும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. புகையிலை சேரின் கேடு மேலும் மிகும். குளிருக்கும் களைப்புக்கும் துணையென மலையில் மெல்லப்படும் வெற்றிலையின் விலை இது. ஆரம்ப சுகாதார ஊழியரைக் கொண்டே வாயைப் பரிசோதித்து நோயை முன்கூட்டிக் காணலாமென 1984ஆம் ஆண்டில் இலங்கையில் நடந்த ஆய்வு காட்டியது. ஆயின் சந்தேகப்பட்டு அனுப்பப்பட்டோரிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே வைத்தியரிடம் சென்றனர் என்பதையும் அது காட்டியது. திருவனந்தபுரத்தில் 1996ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆய்வில், புகையிலையோ மதுவோ பழகியோரிடையே இத்தகைய வாய்ப் பரிசோதனை வாய்ப் புற்றுநோய் மரணத்தை 34 சதவீதம் குறைத்தது. இதற்குச் சைக்கிளோத்திரன் வேண்டியதில்லை. ஒரு விளக்கும், பார்க்கத் தெரிந்த கண்ணும், அனுப்பினால் போகும் துணிவும் போதும்.

மாணவன் கேட்ட வினாவுக்கு யான் அன்று முழு விடை கூறவில்லை. இப்போது கூறுவதாயின் இதுவே: மருந்து பிடிக்குமா என்பதை முதல்நாளில் உறுதியாக அறிய இன்னும் வழியில்லை, சில நோய்களில் இரண்டு சுற்றின் பின் பெரிதும் அறியலாம், உன் தாயாரின் நோயில், சிகிச்சை முடிந்து பன்னிரண்டு கிழமைகளின் பின் எடுக்கும் படம் அடுத்து வேண்டியது கத்தியா காத்திருத்தலா என்பதை ஓரளவு நம்பிக்கையோடு கூறும். அதுவரை சிகிச்சையை இடைநிறுத்தலாகாது. அந்நாள் வரும்போது உண்ணாது, களைக்காது, குளிராது அழைத்துச் செல்லல் வேண்டும். அவனுடைய தாயாருக்கு அப்பன்னிரண்டு கிழமைகள் இன்னும் நிறைவுறவில்லை. அவன் தன் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அத்திகதியைக் குறித்துவைத்திருக்கின்றான். இதனைப் படிக்கும் மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரின் வாயினுள் ஆறாத புண்ணோ வெண்படலமோ உண்டா என இன்றே ஒருமுறை பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.